இருபது மணி நேரக் கணக்கு

என் வலது தோள் பூட்டிக்கொண்டுவிட்டதை முதலில் கண்டுபிடித்தது நான் அல்ல, என் மகள். "அம்மா, ஏன் இப்போதெல்லாம் ஏப்ரன் நாடாவை முன்னுக்குக் கொண்டுவந்து முடிகிறீர்கள்?" என்று கேட்டாள். அப்போதுதான் கவனித்தேன், கை முதுகுக்குப் பின்னால் போகவே இல்லை. எப்போதிலிருந்து என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. தலை பின்னுவதை விட்டுக் கொண்டையாகச் சொருகத் தொடங்கியிருந்தேன். மேல்தட்டில் இருந்த மிளகாய்த்தூள் போத்தல் எப்போதோ கீழ்த்தட்டுக்கு இறங்கியிருந்தது. எனக்குச் சொல்லாமலே உடம்பு தன் ஏற்பாடுகளைச் செய்துகொண்டிருந்திருக்கிறது.

இது 2017ஆம் ஆண்டின் இலையுதிர் காலம். நான் ஜேர்மனியின் ரூர் பகுதியில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்கிறேன். இருபது வருடம் சூப் பானை தூக்கியவளுக்குத் தோள் நோகாமல் வேறு எது நோகும் என்று நானும் இருந்துவிட்டேன், குடும்ப வைத்தியரும் அதையே சொன்னார். இபுபுரோஃபன் என்ற வலிக் குளிசை எழுதித் தந்தார். பகலைச் சமாளித்துவிடலாம். இரவுதான் கொடுமை. வலப்பக்கம் சரிந்தால் ஒரு மணிக்கு ஒருதரம், மூன்று மணிக்கு ஒருதரம் எழும்பிக் கட்டிலில் குந்தியிருக்க வேண்டும். எலும்பு வைத்தியரிடம் நாள் கேட்டால் பதினொரு வாரம் தள்ளித் தந்தார்கள். போனேன். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை, எலும்பு சுத்தம் என்று எட்டு நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள். என்னுடைய வருத்தம் எக்ஸ்ரேயில் தெரிகிற வருத்தமே அல்ல என்று அன்று யாரும் சொல்லவில்லை.

அப்போதுதான் கூட வேலை செய்த ஜேர்மன் அம்மா ஒருவர், ஊசி போட்ட அதே நொடியில் தன் முதுகுவலி போன கதையைச் சொன்னார். அந்த வைத்தியத்துக்குப் பெயர் நொய்ரால்தெரப்பி. நரம்புவழி வைத்தியம் என்று வைத்துக்கொள்ளலாம். பல்லுப் பிடுங்கும்போது போடுவது மாதிரியான விறைப்பு ஊசி மருந்தைத்தான், தமிழ்நாட்டில் மரத்துப்போகும் ஊசி என்பார்களே அதைத்தான், உடம்பில் வேறு வேறு இடங்களில் சிறுகச் சிறுக ஏற்றுவார்கள். நொந்த இடத்தில் மட்டுமல்ல, பழைய தழும்புகளிலும்.

2018 பெப்ரவரியில் போனேன். அந்த வைத்தியர் முறையாக மருத்துவம் படித்தவர். வயது எழுபதுக்குக் கிட்ட இருக்கும். ஜாக்கெட்டைக் கழற்றி உயரக் கொக்கியில் மாட்ட முடியாமல் நான் தடுமாறியதைப் பார்த்துத் தானே வாங்கி மாட்டினார். பிறகு உட்கார்ந்து, "உங்கள் உடம்பில் இருக்கும் தழும்புகளை எல்லாம் சொல்லுங்கள்" என்றார்.

நான் 1996இல் இந்த நாட்டுக்கு வந்தவள். அகதி விண்ணப்பத்தின்போதுகூட இவ்வளவு விபரமாக யாரும் கேட்டதில்லை. தோளில் அம்மை குத்திய அடையாளம். இடது ஆள்காட்டி விரலில் அருவாமனை வெட்டு. மகன் பிறந்த 2003இல் வயிற்றில் செய்த அறுவை. இடது முன்னங்கால் எலும்பின் மேல் ஒரு சாண் நீளத்துக்கு ஒரு கீறல். அது 1987 ஒக்ரோபரில், யாழ்ப்பாணத்தில் இந்திய இராணுவத்தின் ஷெல்லடிக்கு ஓடியபோது முள்ளுக்கம்பி வேலி கிழித்தது. மருந்து கட்ட ஆளில்லை. சீழ் பிடித்து மூன்று மாதம் கிடந்து ஆறியது.

வைத்தியரின் முகம் மலர்ந்துவிட்டது. எனக்கு வேலி கிழித்ததில் இவருக்கு என்ன மகிழ்ச்சி என்று நினைத்தேன். காரணத்தை அவரே சொன்னார். அந்தக் கதையை இங்கே சொல்லத்தான் வேண்டும், இந்த வைத்தியம் முழுவதும் அந்தக் கதையின் மேல்தான் நிற்கிறது.

விறைப்பு மருந்து என்று உலகம் முதலில் கண்டது கொக்கெயினை. 1884இல் வியன்னாவில் கார்ல் கொல்லர் அதைக் கண் அறுவைக்குப் பயன்படுத்திக் காட்டினார். அது நஞ்சு, பழக்கமும் ஆகிவிடும் என்பதால் வேறொன்றைத் தேடினார்கள். 1905 அளவில் அல்ஃப்ரெட் ஐன்ஹோர்ன் உருவாக்கிய புரோக்கெயின், நோவோக்கெயின் என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. இருபது வருடம் கழித்து, 1925இல், ஃபெர்டினாண்ட் ஹூனெக்கே என்ற வைத்தியர் தன் சொந்தச் சகோதரியின் ஒற்றைத் தலைவலிக்கு வேறொரு மருந்தை ஊசியாகப் போட்டார். அந்த மருந்து இரண்டு வகையாக வரும். தசையில் போடுவதில் வலி தெரியாமலிருக்கப் புரோக்கெயின் கலந்திருக்கும், இரத்த நாளத்தில் போடுவதில் இருக்காது. கலந்ததைத் தவறுதலாக நாளத்தில் ஏற்றிவிட்டார். தலைவலி அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. அவரும் சகோதரர் வால்டரும் இதைப் பிடித்துக்கொண்டு ஆராய்ந்து 1928இல் எழுதி வெளியிட்டார்கள்.

எனக்குச் சம்பந்தப்பட்ட பகுதி 1940இல் வருகிறது. ஹூனெக்கேயிடம் ஒரு பெண் வலது தோள் பூட்டிக்கொண்டு வந்தார். தோளைச் சுற்றி எத்தனை ஊசி போட்டும் பயன் இல்லை. சில நாள் கழித்து அதே பெண், சிறு வயதில் எலும்பில் சீழ் பிடித்து அறுத்த இடது முன்னங்கால் தழும்பு அரிக்கிறது என்று திரும்பி வந்தார். தழும்பைச் சுற்றிப் புரோக்கெயின் போட்டதும் அந்த நொடியே தோள் விடுபட்டதாம். எங்கோ இருக்கும் பழைய தழும்பு, பல், தொண்டைச் சதை போன்றவை நரம்பு வழியாக வேறோர் இடத்தைக் குழப்பிக்கொண்டிருக்கும், அந்தக் குழப்பும் இடத்தை விறைக்கச் செய்தால் தூரத்து நோய் போய்விடும் என்பது அவருடைய கொள்கை. நொடியில் நடக்கும் நிவாரணத்துக்கு 'செகுண்டன் ஃபெனோமேன்' என்று பெயர் வைத்தார்.

வலது தோள், இடது கால், சீழ் பிடித்த தழும்பு. வைத்தியரைக் குறை சொல்ல முடியுமா? பாடப்புத்தகத்தில் உள்ள நோயாளியே யாழ்ப்பாணத்திலிருந்து நடந்து வந்து கதிரையில் உட்கார்ந்தது போல இருந்திருக்கும்.

முன்னங்கால் தழும்பை ஒட்டி ஐந்து இடங்களில் மயிரிழை ஊசியால் தோலுக்குள் மருந்து ஏற்றினார். நுளம்பு கடித்தது போல வெள்ளையாகக் கொப்பளித்து எழும்பியது. எரிச்சல், பிறகு அந்த இடம் விறைப்பு. "இப்போது கையைத் தூக்குங்கள்" என்றார். தூக்கினேன். மார்பு மட்டத்தில் நிற்கும் கை தோளைத் தாண்டிக் கொஞ்சம் மேலே போனது. வலி பாதிக்கு மேல் இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதை மறைக்க விரும்பவில்லை. பிற்பாடு நான் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் நடுவில், அந்த நிமிடம் உண்மையாக நடந்தது. அதற்குப் பிறகு தோளைச் சுற்றியும் ஒரு டசின் ஊசி போட்டார்.

வெளியே வரும்போது ஒரு காரியம் சொன்னார். அதற்காக இன்றும் அவருக்கு நன்றியுடையவளாக இருக்கிறேன். "நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஹூனெக்கேயின் விதிப்படி நிவாரணம் முழுமையாக இருக்க வேண்டும், குறைந்தது இருபது மணி நேரம் நிற்க வேண்டும், மறுபடி போட்டால் மறுபடியும் வர வேண்டும். பல் என்றால் எட்டு மணி நேரம் போதும்." நான் பிள்ளைகளின் பழைய பள்ளிக்கூடக் கொப்பி ஒன்றை எடுத்தேன். பின்னேரம் நாலு மணிக்குப் போட்டது. இரவு பதினொரு மணிக்கு வலி திரும்பியது. ஏழு மணி நேரம்.

புரோக்கெயின் போட்ட இடத்தில் ஒரு மணி நேரம் அளவில்தான் வேலை செய்யும். இரத்தத்துக்குள் போனது ஒரு நிமிடத்துக்குள் பாதியாகச் சிதைந்துவிடும். ஆகவே ஏழு மணி நேர நிவாரணம் மருந்தின் விறைப்பினால் மட்டும் வந்திருக்க முடியாது, நரம்பு திருந்துகிறது என்பதற்கு அதுவே அடையாளம் என்றார் வைத்தியர். எனக்கும் நியாயமாகப் பட்டது. இன்னொரு செய்தியை நான் மிகவும் பிந்தித்தான் அறிந்தேன். 1979இல் பிராக் நகரத்து வைத்தியர் கரேல் லெவிட், எந்த மருந்தும் இல்லாமல் வெறும் ஊசியை வலிப்புள்ளியில் குத்தியே 312 வலியிடங்களில் ஏறக்குறைய 87 விழுக்காட்டில் உடனடி நிவாரணம் கண்டதாக எழுதியிருக்கிறார். குத்தினாலே இவ்வளவு நடக்குமென்றால், அன்றைய என் நிவாரணத்தில் புரோக்கெயினின் பங்கு எவ்வளவு, ஊசியின் பங்கு எவ்வளவு, முப்பது வருடத்துக்குப் பிறகு ஒருவர் என் காலைக் கையில் எடுத்துப் பார்த்ததன் பங்கு எவ்வளவு என்று யாரால் பிரித்துச் சொல்ல முடியும்?

இரண்டாவது முறை நாளத்தில் ஒரு சிறு அளவு ஏற்றினார். ஏற்றிக்கொண்டிருக்கும்போதே வாயில் இரும்புச் சுவை வந்தது. காதுக்குள் வண்டு இரைந்தது, கட்டில் சற்றே மிதந்தது. இரண்டு நிமிடத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. "வழக்கம்தான்" என்றார். வழக்கம்தான், ஆனால் அது விளையாட்டு அல்ல. வாய் ஓரம் கூசுவது, இரும்புச் சுவை, காது இரைச்சல் எல்லாம் மருந்து மூளையை எட்டுகிறது என்பதற்கான முதல் அறிவிப்புகள். அளவு கூடினால் வலிப்பு வரலாம், இதயத் துடிப்பு குழம்பலாம். ஆகவே இந்த வகை ஊசி யாரிடம் போட்டாலும் அந்த அறையில் ஒட்சிசனும் அவசர மருந்துப் பெட்டியும் இருக்கின்றனவா என்று கண்ணால் பாருங்கள், வெட்கப்படாமல் கேளுங்கள். போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். காரை நீங்கள் ஓட்டிக்கொண்டு திரும்பாதீர்கள். நான் முதல் நாள் ஓட்டினேன், அது மடத்தனம்.

இன்னும் இரண்டு விடயம் முதலிலேயே சொல்லிவிட வேண்டியவை. இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களுக்கு ஆழமாகப் போடும் ஊசி ஆபத்து. எங்கள் தெருவில் ஓர் அண்ணை இதய வால்வு மாற்றி மார்க்குமார் குளிசை குடிக்கிறவர், என் கதையைக் கேட்டுவிட்டுத் தானும் போகப் பார்த்தார், நான்தான் மறித்தேன். மற்றது ஒவ்வாமை. புரோக்கெயின் உடம்பில் சிதையும்போது வரும் பொருளுக்குச் சிலருக்கு ஒவ்வாமை உண்டு. பல்வைத்தியர் இன்றைக்குப் போடும் லிடோக்கெயின் வகை வேறு குடும்பம். "பல்லுக்குப் போட்டபோது எனக்கு ஒன்றும் செய்யவில்லை" என்பது புரோக்கெயினுக்கு உத்தரவாதம் ஆகாது.

ஜேர்மனியில் இந்த ஊசியை மருத்துவர் மட்டுமல்ல, மருத்துவப் பட்டம் இல்லாத ஆனால் அனுமதி பெற்ற ஹைல்பிராக்டிகர்களும் போடுகிறார்கள். அவர்களுக்கு எல்லை உண்டு. இரண்டு விழுக்காட்டுக்கு மேற்படாத மருந்தைத் தோலுக்குள் மட்டும் போடலாம். கழுத்து நரம்பு முடிச்சுக்கோ மூட்டுக்குள்ளோ போடுகிறேன் என்று அவர்களில் ஒருவர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். நெஞ்சுக்கூட்டுக்குக் கிட்ட ஊசி சற்று ஆழமாக இறங்கினால் நுரையீரல் சுருங்கிவிடும்.

மாசியிலிருந்து வைகாசி வரை ஏழு முறை போனேன். முதல் தடவை 95 யூரோ, பிறகு ஒவ்வொன்றும் 48. என் காப்புறுதி ஒரு சதமும் தரவில்லை. சுவிஸில் இருக்கும் அக்கா தொலைபேசியில், "இங்கே என்றால் இதெல்லாம் சனங்களே வாக்குப் போட்டுக் கொண்டுவந்தது, நல்லதாகத்தான் இருக்கும்" என்றா. 2009இல் அங்கே நடந்த வாக்கெடுப்பில் 67 விழுக்காட்டினர் மாற்று வைத்தியங்களுக்கு ஆதரவாக வாக்களித்தது மெய். ஆனால் என் தோளுக்கு வாக்குரிமை இல்லையே அக்கா, என்று சொல்ல நினைத்துச் சொல்லவில்லை. மூத்தவர்களிடம் அப்படிப் பேசிப் பழக்கமில்லை.

கொப்பியில் கணக்கு இப்படிப் போனது: ஏழு மணி நேரம், ஐந்து, ஆறரை, நாலு. வயிற்றுத் தழும்புக்கு மாறினார். மூன்று மணி நேரம். தொண்டைக்குப் போட்டார். ஒன்றுமே இல்லை. எந்த நாளும் இருபதை எட்டவில்லை, எந்த நாளும் வலி முழுவதும் போகவில்லை. ஹூனெக்கேயின் சொந்த விதிப்படியே எனக்கு நடந்தது அவர் சொன்ன அதிசயம் அல்ல. இதை நான்காம் தடவையிலேயே நான் கண்டிருக்க வேண்டும். காணவில்லை. முதல் நாள் கை மேலே போன காட்சி மனதில் இருந்ததால், அடுத்த முறை சரியாக அந்த இடம் அகப்படும், அடுத்த முறை அகப்படும் என்று நின்றேன். லொத்தர் சீட்டு வாங்குகிறவர்களை நான் பழித்திருக்கிறேன். இனிப் பழிக்க மாட்டேன்.

ஏழாம் முறை பல். கீழ்த்தாடையில் வலப்பக்கம் 2009இல் வேர் நிரப்பிய கடைவாய்ப் பல் ஒன்று. அதன் இருபக்கமும் ஊசி போட்டார். அன்று கொப்பியில் ஒன்பது மணி நேரம் என்று எழுதினேன்! பல்லுக்கு எட்டு மணி நேரம் போதுமே. வைத்தியர் பெருமூச்சு விட்டார். "அகப்பட்டது. இது செத்த பல். இதைப் பிடுங்கிவிடுங்கள், தோள் விடும்."

பிடுங்கத் தயாராகிவிட்டேன். உண்மையைச் சொன்னால் அந்த வலிக்கு நாலு பல்லையும் கொடுத்திருப்பேன். என்னை நிறுத்தியது மகள்தான். கொப்பியைப் புரட்டிக்கொண்டிருந்தவள், "அம்மா, அன்றைக்கு ஏழு மணிக்கு என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று பாருங்கள்" என்றாள். என் கையெழுத்துத்தான்: 'இரவு 7, இபுபுரோஃபன் 600, ஒன்று.' வேலையால் வந்து வழக்கப்படி விழுங்கியிருக்கிறேன். ஒன்பது மணி நேரத்தில் எத்தனை மணி நேரம் பல்லுக்கு, எத்தனை மணி நேரம் குளிசைக்கு?

நீங்கள் எந்த வைத்தியத்துக்குப் போனாலும், நொய்ரால்தெரப்பியோ வர்மமோ அக்குபங்சரோ, ஒரு கொப்பி போடுங்கள். வலி எப்போது குறைந்தது, எப்போது திரும்பியது என்பதோடு அன்றைக்கு விழுங்கிய குளிசை, தூங்கிய நேரம், வேலைக்குப் போனீர்களா இல்லையா என்பதையும் எழுதுங்கள். எத்தனை முறை பார்ப்பது என்பதைத் தொடங்குமுன்பே எழுதிவிடுங்கள். நான் மூன்று என்று எழுதியிருந்தால் இருநூறு யூரோ மிஞ்சியிருக்கும், முக்கியமாக இரண்டு மாதம் மிஞ்சியிருக்கும். ஊசி கொடுத்த பதிலை வைத்துக்கொண்டு பல்லைப் பிடுங்குவது, சதையை வெட்டுவது போன்ற திரும்பப் பெற முடியாத காரியத்துக்கு மட்டும் போகாதீர்கள். விறைப்பு மருந்தின் விளைவு சாயங்காலத்துக்குள் போய்விடும். பிடுங்கிய பல் திரும்பி வராது.

மகளைச் சமாதானப்படுத்தப் பல்வைத்தியரிடம் போனேன். படம் எடுத்துப் பார்த்தார். அந்தப் பல்லின் வேரில் ஒன்றும் இல்லை, பிடுங்க மாட்டேன் என்றார். பிறகு முரசை, அதாவது பல் ஈறை, சுற்றிக் கம்பியால் அளந்துகொண்டே வந்தவர் நிறுத்திவிட்டு, "முரசு இவ்வளவு கீழே போயிருக்கிறதே, சீனி சோதித்துப் பார்த்தீர்களா?" என்று கேட்டார்.

இல்லை. கடைசியாகச் சோதித்தது 2003இல். மகன் வயிற்றிலிருந்தபோது எனக்குச் சீனி கூடியிருந்தது. பிள்ளை பெரிதாக இருந்ததால்தான் வயிற்றை அறுத்தார்கள். பேறு முடிந்ததும் சீனியும் போய்விட்டது, நானும் மறந்துவிட்டேன். கர்ப்பத்தில் சீனி வந்த பெண்ணுக்குப் பிற்காலத்தில் அது நிரந்தரமாக வரும் வாய்ப்பு பல மடங்கு அதிகம், வருடா வருடம் பார்த்துக்கொள்ள வேண்டும். நொய்ரால்தெரப்பி வைத்தியர் அந்த வயிற்றுத் தழும்பை விரலால் தடவிப் பார்த்து நாலு ஊசி போட்டவர். அந்தத் தழும்பு ஏன் வந்தது என்று கேட்டிருந்தால் அன்றே நூல்முனை அகப்பட்டிருக்கும். அவரை மட்டும் ஏன் சொல்ல வேண்டும், குடும்ப வைத்தியரும் கேட்கவில்லை, எலும்பு வைத்தியரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மூன்று மாதச் சராசரி சீனியைக் காட்டும் சோதனையில் 8.4 விழுக்காடு என்று வந்தது. 6.5ஐத் தொட்டாலே நீரிழிவு.

சீனி வைத்தியர் என் கையைப் பார்த்த மாத்திரத்தில் வேறோர் எலும்பு வைத்தியரிடம் கடிதம் தந்து அனுப்பினார். அங்கே நடந்த சோதனையை நீங்கள் வீட்டிலேயே செய்யலாம். முழங்கையை மடித்து இடுப்போடு ஒட்டி வைத்துக்கொண்டு முன்கையை வெளிப்பக்கமாகத் திருப்புங்கள், கதவு திறப்பது போல. நீங்கள் திருப்பினாலும் போகவில்லை, மற்றவர் பிடித்து மெதுவாகத் திருப்பினாலும் போகவில்லை, எக்ஸ்ரேயிலும் ஒன்றும் இல்லை என்றால், அது பெரும்பாலும் உறைந்த தோள். மூட்டைச் சுற்றியிருக்கும் சவ்வுப் பை தடித்துச் சுருங்கிவிடும். நாற்பது அறுபது வயதுக்காரருக்கு, ஆண்களைவிடப் பெண்களுக்கு, சீனி உள்ளவர்களுக்குப் பல மடங்கு கூடுதலாக வரும். ஒன்றிலிருந்து மூன்று வருடத்தில் பெரும்பாலும் தானாகவே இளகும். அந்தக் கடைசி வசனத்தைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. தானாக இளகுகிற நோய்க்குச் செய்யும் வைத்தியம் எல்லாம், பொறுத்திருந்தால், பலித்த மாதிரித்தானே தெரியும்?

முதல் நாள் தழும்பில் குத்தியபோது கை ஏன் மேலே போனது என்று அவரிடம் கேட்டேன். கேலி செய்வார் என்று பயந்திருந்தேன், செய்யவில்லை. "உங்கள் இறுக்கத்தில் ஒரு பங்கு பை சுருங்கியது, இன்னொரு பங்கு வலிக்குப் பயந்து தசைகள் பிடித்து வைத்திருப்பது. வலி தணிந்தால் இரண்டாவது பங்கு விடும். முதல் பங்கு எந்த விறைப்பு மருந்துக்கும் விடாது. அது இழுத்து இழுத்துத்தான் நீளும்" என்றார்.

மூட்டுக்குள் ஒரு கோர்ட்டிசோன் ஊசி போட்டார். இரவு வலி ஒரு கிழமைக்குள் பாதியாகிவிட்டது, ஆனால் மறுநாள் என் இரத்தச் சீனி 290 மில்லிகிராமுக்கு ஏறி இறங்க ஐந்து நாள் பிடித்தது. சீனி உள்ளவர்கள் இதை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே இரண்டாவது முறை கோர்ட்டிசோன் வேண்டாம் என்று முடிவாகி, தோள்பட்டை எலும்புக்கு மேலே ஓடும் நரம்பை விறைக்கச் செய்யும் ஊசிக்கு என்னை வலி வைத்தியரிடம் அனுப்பினார்கள். ஸ்கேன் திரையில் நரம்பைப் பார்த்துக்கொண்டே போட்டார். மருந்து என்ன என்று கேட்டேன். சிரித்தார். அதுவும் ஒரு விறைப்பு மருந்துதான்!

ஆனால் அவர் மணிக்கூட்டைப் பார்த்த விதம் வேறு. "இருபது நிமிடத்தில் விறைக்கும். மூன்று நாலு மணி நேரம் இருக்கும். அந்த நேரத்துக்குள் உங்கள் பிசியோதெரப்பி நேரம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இந்த ஊசி வீண்" என்றார். வலி போன நேரத்தை நான் பெப்ரவரி மாதத்திலிருந்து என்ன செய்தேன் என்று அப்போது யோசித்துப் பார்த்தேன். பிடித்துவைத்து அளந்தேன். கையைத் தூக்கிப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். கதிரையில் சாய்ந்து நன்றாகத் தூங்கினேன். தோளை அசைக்கவே இல்லை, அசைத்தால் போய்விடுமோ என்ற பயம்.

பிசியோதெரப்பிக்குக் காப்புறுதி கட்டியது. வைத்தியர் எழுதித் தரும் ஒவ்வொரு துண்டுக்கும் பத்து யூரோவும் செலவில் பத்திலொரு பங்கும்தான் என் கைக்காசு. வீட்டில் செய்தவை இவ்வளவுதான்: மேசையில் இடது கையை ஊன்றிக் குனிந்து வலது கையைத் தேர் மணி போலத் தொங்கவிட்டு ஆட்டுவது, சுவரில் விரல்களால் பல்லி போல ஏறுவது, முதுகுக்குப் பின்னால் துவாயைப் பிடித்து மேல் கையால் இழுப்பது. ஒரு நாளைக்கு நாலு முறை, ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம். சுவரில் பென்சிலால் கோடு போட்டேன். ஒரு கிழமைக்கு ஒரு விரலளவு உயர்ந்தது. சில கிழமை உயரவில்லை, ஒரு கிழமை இறங்கியது. வலிக்கும் அளவுக்கு இழுத்தால் மறுநாள் கூடுதலாக இறுகும் என்பதை இரண்டு முறை அடிபட்டுத்தான் படித்தேன். மெட்ஃபோர்மின் குளிசையும் இரவுச் சோற்றைக் குறைத்ததும் சராசரி சீனியை 6.8க்குக் கொண்டுவந்தன.

2018இல் ஹாம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் தேருக்குப் போனபோது தேர் என்னைத் தாண்டிப் போகையில் எல்லோருடைய கைகளும் தலைக்கு மேலே போக, நான் நெஞ்சுக்கு முன்னால் கும்பிட்டுக்கொண்டு நின்றேன். பக்கத்தில் நின்ற கிழவி ஒருத்தி என்னை ஒருமாதிரிப் பார்த்தா. அடுத்த வருடம் கை நெற்றிக்கு மேலே போனது. வலது கை இடதைவிட நாலு விரல் கட்டையாகத்தான் நின்றது, அம்பாள் கணக்குப் பார்க்கமாட்டா.

அந்த வருட இறுதியில் நொய்ரால்தெரப்பி வைத்தியரிடம் ஒருமுறை போனேன். ஊசிக்கு அல்ல. மற்ற வைத்தியர்கள் கேட்ட என் பழைய கடிதங்கள் அவரிடம் இருந்தன. அவர் ஓய்வு பெறப் போகிறார் என்றும் கேள்விப்பட்டிருந்தேன். ஜாக்கெட்டை நானே உயரக் கொக்கியில் மாட்டினேன். அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"தோள் விட்டுவிட்டது!" என்றார்.

விட்டுவிட்டது என்றேன். சீனியைச் சொன்னேன், பிசியோதெரப்பியைச் சொன்னேன், பல் இன்னும் இருக்கிறது என்றும் சொன்னேன். எல்லாவற்றையும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். பிறகு என் அட்டையை எடுத்து மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஏதோ எழுதினார். மேசைக்கு இந்தப் பக்கத்திலிருந்து தலைகீழாக வாசித்தேன். ஏழு அமர்வு, பூரண குணம், விளைவு தாமதமாக வந்தது என்று இருந்தது.

நான் ஒன்றும் சொல்லவில்லை. வெளிக்கிடும்போது, "இனி அந்த வயிற்றுத் தழும்பு மாதிரி ஒன்றைக் கண்டால் சீனி பார்த்தார்களா என்றும் கேளுங்கள் ஐயா" என்றேன். பேனையை மறுபடி திறந்து அட்டையின் ஓரத்தில் அதையும் எழுதிக்கொண்டார்.